கேள்வியின் முன் நிற்றல்

முனைவர் பட்ட ஆய்வேடு எதைத் திறந்தாலும் முதற்பக்கங்களில் நெறியாளரின் சான்றிதழும் ஆய்வாளரின் உறுதிமொழியும் அடுத்தடுத்து இருக்கும். இந்த ஆய்வு என்னால் செய்யப்பட்டது, வேறு எந்தப் பட்டத்திற்காகவும் இதற்குமுன் அளிக்கப்படவில்லை என்று சொல்லி, ஆய்வாளர் தம் கையொப்பத்தை இட்டிருப்பார். ஏட்டில் மிகக் குறைவாகப் படிக்கப்படும் பக்கம் அதுவே. ஆயினும் பின்வரும் எல்லா இயல்களின் எடையையும் தாங்கி நிற்பது அந்த ஒரு கையொப்பம். இயல்களில் எழுதப்பட்டவை சரியாக இருக்கலாம், பிழையாகவும் போகலாம். எதுவாயினும் அதற்கு நானே பொறுப்பு என்று ஒரு மனிதர் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ளும் இடம் அது.

ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதும், பின்னொரு நாள் பொது வாய்மொழித் தேர்வில் நின்று அதற்காக விடையளிப்பதும் நம் பல்கலைக்கழகங்களில் வழக்கமான நிகழ்வுகள். வழக்கமாகிவிட்டதாலேயே அவற்றின் பொருளை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. எழுத வேண்டியதை எழுதியாயிற்று. தேர்வாளர்கள் படித்து அறிக்கையும் அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகும் எழுதியவர் உடலோடும் குரலோடும் அவைக்கு வந்து நிற்க வேண்டும் என்று ஏன் கேட்கிறோம்? ஏட்டில் இல்லாத எதை அந்த ஒரு மணி நேரத்தில் தேடுகிறோம்? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தால் அது பல்கலைக்கழகத்தின் மதிலைக் கடந்து, அறிவு என்று நாம் எதைச் சொல்கிறோம் என்ற இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

ஆய்வு தனிமையில் வளர்கிறது. நூலகத்தின் மூலையிலோ ஆய்வகத்தின் இரவிலோ களப்பணிக்குப் போன ஊரின் திண்ணையிலோ, ஒருவர் ஆண்டுக்கணக்கில் ஒரே பொருளோடு வாழ்கிறார். நண்பர்கள் வேலைக்குப் போகிறார்கள், வீட்டார் எப்போது முடியும் என்று கேட்கிறார்கள், உதவித்தொகை நின்றுபோகிறது. உலகம் தன் போக்கில் நகர, அவர் மட்டும் ஒரு கல்வெட்டின் சிதைந்த வரியிலோ ஒரு நுண்ணுயிரின் நடத்தையிலோ தங்கிவிடுகிறார். அந்தத் தனிமை இல்லாமல் ஆழம் இல்லை. ஆனால் தனிமைக்கு ஓர் ஆபத்தும் உண்டு. மறுப்பவர் எவரும் இல்லாத அறையில் எந்தக் கருத்தும் உண்மைபோலவே ஒலிக்கும். தன் எண்ணத்தைத் தானே திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகியவருக்கு, பழக்கம் எங்கே முடிந்து உறுதி எங்கே தொடங்குகிறது என்பது தெரியாமல் போய்விடும். வாய்மொழித் தேர்வு அந்தத் தனிமைக்கு இடப்படும் எல்லை. ஒருவருக்குள் மட்டும் மெய்யாக இருந்தது, பலர் நடுவிலும் மெய்யாக நிற்குமா என்று அன்று பார்க்கப்படுகிறது.

இந்த எண்ணம் நமக்குப் புதிதன்று. நூல் எழுதுவோன் கொள்ளத்தக்க நிலைகளை ஏழாக வகுத்த நன்னூல், பிறர் கருத்தை ஏற்பது, மறுப்பது, முதலில் ஏற்றுப் பின் விலக்குவது, தன் கருத்தை நாட்டி நிறுவுவது, இருவர் முரண்படும்போது ஒருபக்கம் துணிவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, எவரோடும் சேராமல் தன் கொள்கையில் நிற்பது என்று அடுக்குகிறது. ஏழில் எதுவுமே பிறரை முற்றிலும் மறந்துவிட்டு எழுதும் நிலை அன்று. எவரோடும் சேராமல் நிற்பதற்குக்கூட, சேரக் கூடியவர் யார் யார் என்று அறிந்திருக்க வேண்டும். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இரண்டு பகுதிகளாக அமைத்தார். தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் பின்னால் வருகிறது. தாம் ஏற்காத மதங்களை எடுத்துரைத்து ஆராயும் பரபக்கம் முன்னால் நிற்கிறது. இன்று ஆய்வேட்டின் தொடக்கத்தில் முன்னோர் ஆய்வுகளை மதிப்பிட்டு எழுதும் இயலுக்குப் பின்னால் இருப்பதும் இதே அறம்தான். எனக்கு முன் இந்தப் பொருளைச் சிந்தித்தவர்களின் குரலை நான் கேட்டுவிட்டேன், இனி என் குரலைக் கேளுங்கள் என்பது அதன் பொருள். எதிர்த்தரப்பை அதற்குரிய வலிமையோடு எடுத்துச் சொல்ல இயலாதவருக்குத் தம் தரப்பைச் சொல்லும் தகுதியும் குறைந்துவிடுகிறது.

நூலை அவையில் வைக்கும் மரபும் நமக்கு நெடியது. தொல்காப்பியத்திற்குப் பனம்பாரனார் தந்த பாயிரம், அந்நூல் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் வைத்துத் தெளிவுறுத்தப்பட்டதைப் பதிவு செய்கிறது. அதற்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் ஒரு கதையையும் சேர்க்கிறார். ஆசிரியர் அகத்தியருக்கும் மாணவர் தொல்காப்பியருக்கும் இடையே மனத்தாங்கல். அவன் நூலைக் கேட்காதே என்று அதங்கோட்டாசானுக்கு அகத்தியர் சொல்லிவிடுகிறார். தொல்காப்பியரோ கேட்டருள வேண்டும் என்று பலகாலும் வேண்டுகிறார். இருவர் கோபத்துக்கும் ஆளாகாமல் தப்ப, நூலுக்குக் குற்றம் சொல்லி அனுப்பிவிடலாம் என்று அதங்கோட்டாசான் முடிவு செய்து, வினாமேல் வினாவாகத் தொடுக்கிறார். எல்லாவற்றுக்கும் விடை வந்துகொண்டே இருக்கிறது.

கதை நடந்ததா என்பதைவிட, நம் முன்னோர் இப்படி ஒரு கதையைச் சொல்லத் தோன்றியதே எண்ணத்தக்கது. தமிழின் மூத்த இலக்கண நூலுக்குக்கூட, அதைப் படைத்தவரின் பெருமையோ அரசனின் ஆதரவோ போதுமென்று அவர்கள் நினைக்கவில்லை. ஆசிரியரின் ஆசியே இல்லாமல்போனாலும் அந்நூல் நிற்க முடிந்தது. ஆனால் கேள்விகளைச் சந்திக்காமல் அது நிற்க முடியாது என்று கருதினார்கள். குற்றம் சொல்வதற்கென்றே அமர்ந்தவரின் வினாக்கள், கடைசியில் அந்நூலின் தெளிவுக்கே சான்றாகிவிட்டன. காஞ்சிக் குமரகோட்டத்தில் கந்தபுராணம் அரங்கேறியபோது, முதல் தொடரின் புணர்ச்சிக்கே இலக்கண விதி கேட்டு அவை தடுத்தது என்ற கதையும் இந்த வழியில் வருவது. முருகனே அடியெடுத்துக் கொடுத்தான் என்று நம்பப்பட்ட பாடலுக்கும், விதி எங்கே என்று கேட்கும் உரிமை அவைக்கு இருந்தது.

உலகின் பிற பகுதிகளிலும் மனிதர்கள் இதே இடத்துக்கு வேறு பாதைகளில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். சுவீடனின் பழைய பல்கலைக்கழகங்களில், வாதத்துக்குச் சில வாரங்கள் முன்பே ஆய்வேட்டை எல்லோர் கண்ணிலும் படும்படி ஆணியடித்து மாட்டும் வழக்கம் உண்டு. விரும்புகிறவர் எவரும் படிக்கலாம், படித்தவர் எவரும் வந்து வினவலாம் என்பது அதன் கருத்து. அங்கே எதிர்வாதம் செய்வதற்கென்றே அறிஞர் ஒருவர் அழைக்கப்படுகிறார். எதிர்ப்பவர் என்பதே அவருடைய பதவியின் பெயர். நெதர்லாந்தில் குறித்த நேரம் முடிந்ததும் செங்கோல் ஏந்திய பணியாளர் அவைக்குள் வந்து, நேரமாயிற்று என்று லத்தீனில் அறிவிக்கும்வரை வினாக்கள் நிற்பதில்லை. சடங்குகள் வேறுபடலாம். உள்ளே இருக்கும் நம்பிக்கை ஒன்றே: மறுப்பதற்கு வழிவிடாத கருத்தை மதிக்கவும் வழியில்லை.

இனி நம் கேள்விக்கு வருவோம். அவை கலையும்போது பட்டம் பரிந்துரைக்கப்படுகிறது. அந்தப் பரிந்துரை எதற்குச் சான்று?

தம்மைவிட அறிந்தவர்கள் சோதித்துத் தேறியதற்குச் சான்று என்று முதலில் தோன்றும். ஆனால் நல்ல ஆய்வேட்டில் நிலைமை பெரும்பாலும் நேர்மாறானது. 1903ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாரிசில் மேரி கியூரி தம் ஆய்வேட்டோடு தேர்வாளர்கள் முன் நின்றார். கதிரியக்கப் பொருள்களைப் பற்றியது அவர் ஆய்வு. தேர்வாளர் இருக்கையில் இருந்த லிப்மனும் முவாசானும் பின்னாளில் நோபல் பரிசு பெறப்போகிற பெரியவர்கள். எனினும் ரேடியத்தைப் பற்றி அந்த அறையில் மிக நன்றாக அறிந்திருந்தவர், கேள்விகளுக்கு விடை சொல்ல நின்றவரே. அந்த ஆண்டு முடிவதற்குள் நோபல் பரிசும் அவரைத் தேடி வந்தது. எந்த ஆய்வாளரும் தம் சிறிய நிலப்பரப்பில் தேர்வாளரைவிட அதிக தூரம் நடந்தவர்தான். அறிந்தவரை, அந்த ஒரு பொருளில் குறைவாக அறிந்தவர் சோதிப்பதில் முறைகேடு எதுவும் இல்லை. ஒரு மனிதர் கண்ட உண்மை, அதைக் காணாத மற்றொருவர் மனத்துக்குள்ளும் போய்ச் சேரக்கூடியதா என்பதைக் காணாதவர்தான் சொல்ல முடியும். அறியாதவருடைய வினாவுக்கு அறிவின் உலகில் இவ்வளவு பெரிய இடம் இருக்கிறது.

அப்படியானால் ஆய்வேட்டில் பிழை இல்லை என்பதற்கு அது சான்றா? அதுவும் இல்லை. 1905ஆம் ஆண்டு சூரிக் பல்கலைக்கழகத்துக்கு ஐன்ஸ்டைன் அளித்த ஆய்வேடு, மூலக்கூறுகளின் அளவைக் கணக்கிடுவது. நெறியாளர் கிளைனரின் வேண்டுகோளின்படி, கணிதப் பேராசிரியர் புர்க்ஹார்ட் கணக்குகளைச் சோதித்தார். அவற்றைச் சரியென்று ஏற்றார். பட்டமும் கிடைத்தது. ஆண்டுகள் கடந்தன. பிரான்சில் பெர்ரனின் ஆய்வகத்தில் கிடைத்த அளவுகள் அந்தச் சமன்பாட்டோடு பொருந்தவில்லை. ஐன்ஸ்டைன் தம் மாணவரும் உடனுழைப்பாளருமான லுட்விக் ஹோப்பிடம் கணக்கை மீண்டும் பார்க்கச் சொன்னார். பிழை அகப்பட்டது. 1911இல் அதைத் தம் பெயரிலேயே திருத்தி வெளியிட்டார்.

ஐன்ஸ்டைனே தவறியிருக்கிறார் என்று சொல்லி ஆறுதல் அடைவதற்கான நிகழ்ச்சி இதுவென்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். இதில் கற்க வேண்டியது வேறு. தேர்வாளர் பார்வையிலிருந்து தப்பிய பிழை, உலகின் பார்வையிலிருந்து தப்பவில்லை. ஏனென்றால் அந்தக் கணக்கு வெளிச்சத்தில் வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு படியும் எழுதப்பட்டிருந்தது. வேறொரு நாட்டில் வேறொருவர் அதைத் தம் அளவுகளோடு ஒப்பிட முடிந்தது. முடிவை மட்டும் அறிவித்து வழியை மறைத்திருந்தால், பிழை என்றென்றும் மறைந்தே இருந்திருக்கும், அதன் கூடவே அந்த முறையின் சிறப்பும் மறைந்திருக்கும். பிழையே செய்யாமை மனிதருக்கு வாய்ப்பதில்லை. தன் பிழையைப் பிறர் கண்டுபிடிக்கத்தக்க வகையில் எழுதுவது மனிதருக்கு இயலும். அறிவின் நேர்மை என்று நாம் போற்றும் பண்பு முழுவதும் இந்த இயலும் செயலுக்குள் அடங்கிவிடுகிறது.

தேர்வாளர்களும் நெறியாளரும் கருத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்காவது பட்டம் சான்றாகுமா? லண்டன் பொருளியல் பள்ளியில் அம்பேத்கர் எழுதிய, ரூபாயின் சிக்கல் குறித்த ஆய்வேடு இதற்கு விடை தருகிறது. இந்தியாவின் நாணய முறையை ஆட்சியாளர்கள் நடத்திய விதத்தை அது கடுமையாக ஆராய்ந்தது. தேர்வாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்துத் திருத்தி எழுதச் சொன்னார்கள். அவர் திருத்தி மீண்டும் அளித்தார். 1923இல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முதுமுனைவர் பட்டம் வழங்கியது. அதே ஆண்டு அது நூலாக வந்தபோது முன்னுரை எழுதியவர் அவருடைய ஆசிரியர் எட்வின் கானன். அம்பேத்கரின் வாதங்களில் பெரும்பகுதியைத் தாம் ஏற்கவில்லை என்று அந்த முன்னுரையிலேயே கானன் வெளிப்படையாக எழுதினார். ஏற்காத இடங்களிலும் சிந்தனையைத் தூண்டும் புதுமை அதில் இருப்பதாகப் பாராட்டினார். மாணவர் ஆசிரியருக்கு உடன்பட வேண்டியிருக்கவில்லை. ஆசிரியரும் தம் மறுப்பை மறைக்க வேண்டியிருக்கவில்லை. முரண்பாடும் மதிப்பும் ஒரே பக்கத்தில் கூடி வாழ்ந்தன.

இந்த நிகழ்ச்சியில் இன்னொரு பொருளும் நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது. பள்ளிப் பருவத்தில் தண்ணீர்ப் பானையைத் தொடும் உரிமைகூட அம்பேத்கருக்கு மறுக்கப்பட்டிருந்தது. ஒருவரை இழிவுபடுத்தும் சமூகம் அவரிடம் காரணம் கேட்பதில்லை. ஆணையிடும், விலக்கும், அவ்வளவே. ஏன் இப்படிச் சொல்கிறாய், உன் ஆதாரம் என்ன, இந்த இடத்தில் உன் வாதம் தளர்கிறதே என்று கேட்பதானால், எதிரே இருப்பவரைச் சிந்திக்க வல்லவராக முதலில் ஏற்றாக வேண்டும். கடுமையான வினாவுக்குள்ளும் சமத்துவம் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதனால்தான் ஆய்வாளரிடம் கேள்வியே கேட்காமல் அனுப்பிவைக்கும் பெருந்தன்மை உண்மையில் பெருந்தன்மையாகாது. அவர் எழுதியதைப் பொருட்டாக எண்ணவில்லை என்பதே அதன் உட்பொருள்.

ஆய்வேட்டின் முடிவுதான் அந்தப் பொருளில் கடைசிச் சொல் என்பதற்கும் பட்டம் சான்றாகாது. ஈழத்து அறிஞர் கைலாசபதி பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில் செய்த ஆய்வு, 1968இல் தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய நூலாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஹோமரின் காப்பியங்களை வாய்மொழி மரபாகக் கண்டவர்களின் கோட்பாட்டை அவர் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திப் பார்த்தார். 1975இல் ஜார்ஜ் ஹார்ட், பாணரின் வாய்மொழிப் பாடலை முன்மாதிரியாகக் கொண்டு கற்ற புலவர்கள் இயற்றியவையே இவை என்று வேறு வழியில் வாதிட்டார். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. மறுக்கப்பட்டதால் கைலாசபதியின் ஆய்வு சிறுத்துவிடவில்லை. அவர் கேட்ட கேள்வியைக் கடக்காமல் அந்தத் துறைக்குள் நுழைய முடியாத நிலையை அது உண்டாக்கியது. மறுக்கத் தகுந்ததாக இருப்பதும் ஒரு சிறப்புத்தான். மறுப்பவர் அதன் மேல் கால் ஊன்றி நின்றுதான் அடுத்த அடியை எடுத்து வைக்கிறார்.

மேலானவர்களின் ஒப்புதல், பிழையின்மை, உடன்பாடு, முடிந்த முடிவு ஆகிய நான்கையும் விலக்கிப் பார்த்தோம். பட்டம் சான்று பகர்வதற்கு இனி எஞ்சியிருப்பது எது? ஒன்று எஞ்சியிருக்கிறது. இந்த மனிதர் தாம் சொன்னதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர், அந்தக் கடமையை அறிந்து ஏற்றவர், அதை ஆற்றும் திறன் உடையவர் என்பதற்கே அது சான்று. ஏடு ஒரு பொருளைப் பற்றிப் பேசுகிறது, அவையோ அதை எழுதிய மனிதரைப் பார்க்கிறது. வினா வரும்போது அவர் ஆதாரத்தை நோக்கித் திரும்புகிறாரா, அதிகாரத்தை நோக்கித் திரும்புகிறாரா என்று பார்க்கிறது. அதனால்தான் ஏடு மட்டும் போதவில்லை, எழுதியவர் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

அப்படி நிற்பதற்கு உள்ளத்தில் ஒரு பிரிவு நிகழ வேண்டும். ஆய்வேட்டையும் தம்மையும் ஒன்றென எண்ணுகிறவருக்கு ஒவ்வொரு வினாவும் உயிர்மேல் படும் காயமாகிறது. அவர் வாதிடுவதாக எண்ணிக்கொண்டு தம் மானத்தைக் காக்கப் போராடுகிறார். கருத்தைத் தம்மிலிருந்து ஓர் அடி தள்ளிவைத்து, அவையோரோடு சேர்ந்து தாமும் அதைப் பார்க்கத் தெரிந்தவர்தான் உண்மையில் அதைக் காக்க வல்லவர். பற்றில்லாமல் செயலாற்றுவதைப் பற்றி நம் ஞான நூல்கள் பேசுகின்றன. அந்தப் பாடத்தைப் பயில்வதற்கு ஆய்வரங்கைவிடக் கடினமான இடம் அரிது. பல ஆண்டு உழைப்பை முன்னால் வைத்து, இதில் குறையிருந்தால் காட்டுங்கள் என்று மனமாரச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே தெரியாது என்ற சொல்லுக்கும் இடம் இருக்கிறது. தம் ஆய்வு எதுவரை சென்றது, எங்கே நின்றது என்று அறிந்தவர் சொல்லும் தெரியாது, எல்லையைச் சரியாகக் காட்டும் ஓர் அறிவு. அதைச் சொல்ல அஞ்சி விடைபோன்ற ஒன்றை விரைந்து சொல்பவர், அறிந்த பகுதியின் மீதும் ஐயத்தை வரவழைத்துவிடுகிறார்.

கேட்பவருக்கும் இதற்கு ஈடான அறம் உண்டு. தம் புலமையைக் காட்டுவதற்காகக் கேட்கப்படும் கேள்வி, கேள்வியின் வடிவத்தில் வந்த தற்பெருமை. நெறியாளர்மேல் உள்ள பகையை மாணவர்மேல் தீர்க்கும் கேள்வி அநீதி. உண்மையில் அறிய விரும்பிக் கேட்பவரின் வினா, கேட்கப்படுபவர் தாமே காணாத ஓர் அறையை அவருடைய வீட்டிலேயே திறந்து காட்டுகிறது. நெறியாளரின் நிலை இன்னும் நுட்பமானது. இத்தனை ஆண்டு கைப்பிடித்து வந்தவர், அந்த ஒரு மணி நேரம் கையை விட்டுவிட்டு அமைதியாக அமர வேண்டும். மாணவர் தடுமாறும் இடத்தில் தாமே விடை சொல்லிவிடும் ஆவல் அன்பினால் எழுவதுதான். எனினும் அதை அடக்குவதே பேரன்பு. தமக்குப் பின்னும் சிந்திக்கக்கூடிய ஒருவரை உருவாக்கினோமா என்பதற்கு ஆசிரியருக்குக் கிடைக்கும் விடை அந்த மௌனத்தில்தான் இருக்கிறது.

இவ்வளவு ஆழமான ஒரு நிகழ்வு வெற்றுச் சடங்காகத் தேயும்போது இழப்பு எவ்வளவு பெரியது என்பதையும் நாம் எண்ண வேண்டும். முன்கூட்டியே சொல்லிவைத்த வினாக்களுக்கு முன்கூட்டியே மனப்பாடம் செய்த விடைகளும், பொன்னாடையும் புகழுரையும், விருந்துக்கு நேரமாகிறதே என்ற அவசரமும் சேர்ந்து அந்த மணி நேரத்தை விழுங்கிவிடுவதை நாம் பார்க்காமல் இல்லை. பணம் கொடுத்து எழுதி வாங்கிய ஏடுகளைப் பற்றியும் கேள்விப்படுகிறோம். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வகுத்த விதிகள், பிற நூல்களோடு உள்ள ஒற்றுமை 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் பொறுத்துக்கொள்கின்றன. 60 விழுக்காட்டைத் தாண்டினால் பதிவையே நீக்கச் சொல்கின்றன. விதிகள் வேண்டியவைதாம். ஆனால் மென்பொருள் சொற்களின் ஒற்றுமையைக் காணும், சிந்தனையின் இல்லாமையைக் காணாது. ஒரு சொல்லும் திருடாமல், ஒரு கேள்வியும் கேட்காமல் எழுதப்பட்ட ஏடு அந்தச் சோதனையில் தேறிவிடும். அதைக் கண்டறியும் கருவி நேருக்கு நேர் கேட்கப்படும் வினா ஒன்றே. அதையும் சடங்காக்கிவிட்டால் நமக்குக் கடைசிக் காவலும் இல்லை.

இதன் விளைவு ஒரு துறையோடு நிற்பதும் இல்லை. கேள்விக்கு விடை சொல்லாமல் பட்டம் பெற்றவர் நாளை ஆசிரியராகிறார். தம்மிடம் கேட்கப்படாத கேள்விகளைத் தம் மாணவரிடமும் அவர் கேட்கமாட்டார். மாணவர் கேட்டால் அதை அவமதிப்பாகக் கொள்வார். இப்படி ஒரு தலைமுறையின் சலுகை அடுத்த தலைமுறையின் இயலாமையாகிறது. காரணம் கேட்பதைத் துடுக்கு என்றும், காரணம் சொல்வதைத் தாழ்வு என்றும் எண்ணும் மனநிலை வகுப்பறையில் வேரூன்றினால், வீட்டிலும் ஊர்ச்சபையிலும் அலுவலகத்திலும் சட்டமன்றத்திலும் அதன் கிளைகளையே காண்போம்.

ஏனெனில் நாம் எல்லோருமே ஏதோ ஒரு வகையில் ஆய்வேடு அளிப்பவர்கள்தாம். இதுதான் நல்ல வாழ்வு, இதுதான் நீதி, இவர்தான் குற்றவாளி, இதுதான் என் குழந்தைக்கு நல்லது என்று நாள்தோறும் முடிவுகளை அறிவித்துக்கொண்டு வாழ்கிறோம். அவற்றில் எத்தனை முடிவுகளுக்கு நாம் ஆதாரம் வைத்திருக்கிறோம், மறுப்பவரின் தரப்பை அதற்குரிய வலிமையோடு எடுத்துச் சொல்ல எத்தனை இடத்தில் நம்மால் இயலும், பிழை என்று தெரிந்தபின் நம் பெயரிலேயே திருத்தம் வெளியிட எத்தனை முறை துணிந்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால், அறிவு என்பது சேர்த்துவைத்த செய்திகளின் அளவிலோ பெயருக்கு முன் நிற்கும் எழுத்துகளிலோ இல்லை என்பதும், நான் சொன்னதற்கு நான் விடை சொல்வேன், என்னைவிட எளியவர் கேட்டாலும் சொல்வேன், விடை இல்லாதபோது இல்லை என்றும் சொல்வேன் என்று மனிதன் மனிதனுக்குத் தரும் வாக்குறுதியே அறிவின் உயிர் என்பதும், அந்த வாக்குறுதியைக் காப்பவர்கள் இருக்கும்வரை மட்டுமே ஒரு சமுதாயம் தன் பிழைகளிலிருந்து மீள முடியும் என்பதும் நமக்கு விளங்கும்.

ஆகவே ஆய்வேட்டைக் கையில் ஏந்தி நிற்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். எளிய கேள்விகள் வர வேண்டும் என்று விரும்பாதீர்கள். உங்கள் உழைப்புக்குத் தகுந்த கேள்விகள் வர வேண்டும் என்று விரும்புங்கள். தேர்வாளராக அமரும் பெரியவர்களே, படித்துவிட்டு வாருங்கள், உண்மையாகக் கேளுங்கள். நீங்கள் மாணவருக்குச் செய்யும் மரியாதை அதுவே. மற்றவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வாய்மொழித் தேர்வு பொதுமக்கள் முன்னிலையில் நடப்பது, கதவு திறந்தே இருக்கிறது. நாட்டின் பல லட்சம் ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் யாரும் படிக்கக் கிடைக்கின்றன. நம் ஊரைப் பற்றி, நம் மொழியைப் பற்றி, நம் நோய்களையும் நிலத்தையும் பற்றி எழுதப்பட்டவை அவற்றுள் இருக்கின்றன. படிப்போம், அவைக்குப் போவோம், தெரியாததைக் கேட்போம். கேட்க ஆளில்லாத சமுதாயத்தில் விடை சொல்லத் தெரிந்தவர்கள் உருவாவதில்லை.